மொட்டை மாடியில் மட்டும் மாறும் கியர்

ஒரு பொருளைப் பழுதுபார்ப்பதும் அதைப் பற்றிக் குறிப்பு எழுதுவதும் ஒன்றல்ல என்பதை நான் அறுபத்திரண்டாம் வயதில்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் இருந்தேன். அங்கே இரண்டும் ஒன்றுதான். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் குறிப்பு எழுதுவோம். குறிப்பு மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும். அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். கண்ணாடி தேவைப்படாது. கோப்பை முடித்துவிடுவோம். இந்த முறையில் நான் நீக்கிய பழுதுகள் ஏராளம்.

ஓய்வு பெற்ற பிறகு குறிப்பு எழுதுவதற்கு வீட்டில் பொருள்கள் போதவில்லை. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் என் மனைவி கோமதியின் அதிகார வரம்புக்குள் இருந்தன. எனக்கென்று ஒதுக்கப்பட்டது வாசல் குழாய் ஒன்றுதான். அதுவும் ஒழுகாமல் என்னை அவமதித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில்தான் சைக்கிள் வந்து சேர்ந்தது.

சைக்கிள் எனக்கல்ல, கோமதிக்கு. நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள், ஓய்வு பெற்ற கையோடு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவர் எஸ்தர் சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். மீதிப் பேர் அவரை நினைத்தே நோய் வராமல் பார்த்துக்கொண்டவர்கள். அவர் தலைமையில், அவரையும் சேர்த்து ஐந்து பெண்கள், எல்லாரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள், விடியற்காலையில் சைக்கிளில் ஊர் சுற்றுவார்கள். ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் இதைக் கேள்விப்பட்டு, தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கி அனுப்பிவிட்டாள். இடது கைப்பக்கம் மூன்று, வலது கைப்பக்கம் ஏழு, ஆக இருபத்தொரு கியர். (எங்கள் அலுவலகத்தில் உதவியாளரிலிருந்து மேலதிகாரி வரை எண்ணினாலும் இருபத்தொரு படிகள் கிடையாது.) இடது பக்கத்து மூன்றைத் தொட்டால் சங்கிலி கழன்றுவிடுகிறது என்று, கோமதி வலது பக்கத்து ஏழு கியரை மட்டுமே மாற்றுவாள்.

அந்தக் குழுவுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. பொங்கல் முடிந்ததும் மாமல்லபுரம் வரை சைக்கிளிலேயே போக வேண்டும். அதற்கு சிஸ்டர் ஒரு தேர்வு வைத்தார். மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, வழியில் இருக்கும் மேம்பாலத்தை ஏறிக் கடந்து, தாமல் ஏரிக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

"மேம்பாலத்துல எறங்கி தள்ளுறவங்க, ஆட்டோல ஏத்திக்கினு வர்றவங்க, அவங்கல்லாம் மாமல்லபுரத்துக்குக் கெடையாதுமா. அப்புறம் என்னாண்ட வந்து அழக்கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கோமதி அதற்கு முன்பு ஒருமுறை பக்கத்து ஊரான கூரம் போனபோது கடைசியாகப் போய்ச் சேர்ந்தவள். "டீச்சர் வர்றதுக்குள்ள நாங்க இட்லி துன்னு, கைகழுவி, மறுபடி பசிக்கவே ஆரம்பிச்சிடுச்சுமா" என்று குழுவில் கேலி செய்தார்களாம். சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். ஆனால் மறுநாளிலிருந்து ஐந்தரைக்கு எழுகிறவள் ஐந்து மணிக்கே எழ ஆரம்பித்தாள். கடற்கரை வரை தன் காலாலேயே மிதித்துப் போய்விட வேண்டும் என்பதில் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அந்த அரை மணி நேரத்தில் எனக்குப் புரிந்தது. இந்த ஆசை நிறைவேற என்னால் ஆனதைச் செய்வது என்று தீர்மானித்தேன். அவளுக்கு வந்த இடைஞ்சல்களிலேயே பெரியது இதுதான்.

முதல் வேலையாக ஒரு நீள நோட்டு வாங்கி 'மிதிவண்டிப் பராமரிப்புப் பதிவேடு' என்று மேலே எழுதினேன். மாதம் ஒருமுறை எண்ணெய் இட வேண்டும் என்று ஒரு பத்தி. எந்த எண்ணெய்? சைக்கிளோடு வந்த கையேடு ஒன்பது மொழிகளில் இருந்தது. தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் படித்தேன். 'பரிந்துரைக்கப்பட்ட எண்ணெயை மட்டும் பயன்படுத்தவும்' என்றிருந்தது. பரிந்துரைக்க வேண்டியவர் யார் என்று இல்லை. விதியில் அதிகாரி யாரென்று சொல்லப்படாதபோது, அந்த இடத்தில் இருக்கும் மூத்த அலுவலரே அதிகாரி. வீட்டில் மூத்தவன் நான். மரச்செக்கில் ஆட்டிய சுத்தமான தேங்காய் எண்ணெயைப் பரிந்துரைத்தேன். மனிதன் தலைக்கே ஒத்துக்கொள்வது சைக்கிளுக்கு ஒத்துக்கொள்ளாதா என்பது என் வாதம். காது மருந்துக் குப்பியோடு வந்த ஃபில்லரைக் கழுவி எடுத்து, வலது கைப்பிடியை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி கியர் மாற்றுகிற சிறு பெட்டிக்குள் முப்பது சொட்டுகள் விட்டேன். அது கார்த்திகை மாத மத்தியானம். கியர் வழுக்கிக்கொண்டு மாறியது. பதிவேட்டில் 'எண்ணெய் இடப்பட்டது' என்று எழுதி, நானே கையெழுத்திட்டு, நானே மேலொப்பமும் இட்டேன்.

(இதைப் படிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்திருந்தால், எனக்கு ஏழு வாரம் கழித்துப் புரிந்த விஷயம் உங்களுக்கு இப்போதே புரிந்துவிட்டது என்று பொருள். நீங்கள் அரசுப் பணியில் இருந்திருக்க வாய்ப்பில்லை.)

மார்கழி வந்தது. விடியற்காலையில் கோலம் போடுகிற பெண்கள்கூடத் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு போடுகிற அளவுக்கு அந்த வருஷம் குளிர். தாமல் பயணத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, போன வேகத்தில் கோமதி திரும்பி வந்தாள்.

"ஏங்க, கியரு புடிக்க மாட்டேங்குது. கட்டவெரலால அழுத்துறேன், லிவரு அது பாட்டுக்குப் போவுது, வருது. ஏழுலயே நின்னுகினு இருக்குது."

ஏழு என்பது இறக்கத்தில் பறப்பதற்கான கியர். மிதிக்க மிகவும் கனமானது. அதை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறுவது, அம்மிக்கல்லை மடியில் கட்டிக்கொண்டு மாடி ஏறுவதைப் போன்றது.

நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "கடைசியாக எப்போது மாறியது?"

"நேத்து சாயங்காலம்."

"யார் முன்னிலையில்?"

"என் முன்னிலைலதான். இன்னாங்க கேள்வி இது? வுடுங்க, பாய் சைக்கிள் கடைல குடுத்துட்டு வந்துடறேன்."

"உள் விசாரணை முடியாமல் வெளியாளிடம் போகக் கூடாது."

"ஞாயித்துக்கெழமக்குள்ள முடியுமா உங்க விசாரண?"

இந்தக் கேள்வியை முப்பத்து நான்கு ஆண்டுகளில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. தெருவில் வைத்துப் பார்க்கலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தெரு நீளத்துக்குப் பட்டு நெசவுக்கான பாவு நீட்டியிருந்தார்கள். அடுத்தவர் பட்டு இழைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு நிற்கும் துணிச்சல் எங்கள் பகுதியில் யாருக்கும் கிடையாது. ஆகவே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். வழியில் சுவரில் மூன்று கோடுகள் விழுந்தன. வெயிலில் நியூஸ் பேப்பரை விரித்து, கருவிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தேன். பிறகு கையேட்டின் ஆங்கிலப் பகுதியை முழுவதும் படித்தேன். அதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு, கியர் கம்பியின் முனையில் இருந்த சிறு திருகை இடது பக்கம் கால் சுற்றுத் திருப்பிவிட்டு லிவரை அழுத்தினேன்.

'டிக்' என்றது. ஆறு. மறுபடி 'டிக்.' ஐந்து.

அந்தக் கணத்தில் என் மனநிலையைச் சொல்லத் தெரியவில்லை. பதவி உயர்வு வந்தபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை. (அது எல்லாருக்கும் வரிசைப்படி வருவது.) கோமதியைக் கூப்பிட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேலே வந்தவள் ஏழிலிருந்து ஒன்று வரை மாற்றிப் பார்த்தாள்.

"பரவால்லியே!" என்றாள். எங்கள் முப்பத்தாறு வருஷ இல்வாழ்க்கையில் அவள் எனக்குத் தந்த மிக உயர்ந்த நற்சான்று அது. 'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதி, பயனாளர் கையெழுத்து என்ற இடத்தில் அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் கேட்காமலேயே வெங்காயப் பக்கோடா வந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கியர் மறுபடி ஏழில் நின்றது.

இந்த முறை யோசிக்கவே இல்லை. முன்னுதாரணம் இருக்கிறதே! தெருவில் அன்று பாவு இல்லை. ஆனாலும் முன்னுதாரணப்படி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். (சுவரில் மேலும் இரண்டு கோடுகள்.) அதே பேப்பர், அதே வரிசை. பன்னிரண்டு மணிக்குத் திருகை வலது பக்கம் கால் சுற்றுத் திருப்பினேன். 'டிக்.' அதாவது முதல் நாள் செய்ததை அப்படியே திருப்பிச் செய்தும் அதே பலன் கிடைத்தது. இது விசித்திரம் என்று ஒரு சாதாரண மனிதனுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் என் கைக்குக் கட்டுப்படுகிறது என்று தோன்றியது. அதற்கும் கையெழுத்து வாங்கினேன்.

கோமதிக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்குத் தெரியாமல் மத்தியானமே சைக்கிளை பாய் கடைக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பாய் இருபது தடவை மாற்றிப் பார்த்துவிட்டு, "கியரு மஸ்தா இருக்குது டீச்சரம்மா. இதுல நான் இன்னா பண்றது? சும்மா கை வெச்சா கெட்டுடும், எடுத்துக்கினு போங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இதை அவள் வாயாலேயே கேட்டபோது எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

"நிபுணரே சான்று கொடுத்துவிட்டார், பார்த்தாயா?"

"அது இன்னாவோ போங்க. நீங்க தொட்டா ஓடுது, நான் தொட்டா நிக்குது" என்றாள்.

அவள் எரிச்சலில் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவனை ஒரு பொருளாவது எதிர்பார்க்கிறதே!

சனிக்கிழமையும் அதேதான். அன்று மாடிக்குப் போனபோது, நான் வழக்கமாகப் பேப்பர் விரிக்கிற இடத்தில் கோமதி ஒரு பாட்டிலை வெயிலில் வைத்திருந்தாள். தேங்காய் எண்ணெய் பாட்டில். குளிரில் வெள்ளையாக உறைந்துபோய், தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாமல் இருந்தது. கருவிகளுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் விரல்களில் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. என் தலையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். (என் தலையில் எண்ணெய் வைக்கிற இடம் உள்ளங்கை அகலம்கூட இல்லை என்பதையாவது யோசித்திருக்கலாம்.) பன்னிரண்டு மணிக்குத் திருகைத் தொட்டேன், 'டிக்' என்றது. மூன்றாவது கையெழுத்து.

"யாருங்க பாட்டில எடுத்து நெழல்ல வெச்சது? இன்னும் உருகவே இல்ல" என்று பாட்டிலை எடுக்க மேலே வந்த கோமதி சத்தம் போட்டாள். நான் திருகைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணி. குழு வழக்கமாகக் கூடும் குளக்கரையில் ஐந்து சைக்கிள்கள் நின்றன. எல்லாரும் மங்கி குல்லாய் போட்டிருந்ததால் யார் யாரென்று குரலை வைத்துத்தான் தெரிந்தது. தொழில்நுட்ப ஆலோசகர் என்ற முறையில் நானும் என் மொபெட்டில், கருவிப் பையும் பதிவேடுமாகப் போயிருந்தேன். கோமதி லிவரை அழுத்தினாள். அது போயிற்று, வந்தது. கியர் ஏழு.

அவள் என்னைப் பார்த்தாள். நான் திருகை இடது பக்கம் திருப்பினேன். வலது பக்கம் திருப்பினேன். டார்ச் வெளிச்சத்தில் பதிவேட்டையும் பார்த்தேன்.

"இன்னா சார், ஃபைலு பாக்குறீங்களா?" என்றார் எஸ்தர் சிஸ்டர். "தள்ளுங்க, நேரமாவுது. கோமதி, வர்றியா இல்லியாமா?"

"வரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவள் ஏழிலேயே மிதிக்க ஆரம்பித்தாள். சமதரையிலேயே இடுப்பைத் தூக்கித் தூக்கி மிதிக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் நான் பின்னாலேயே மொபெட்டில் உருண்டேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து வேர்த்திருந்தது, அந்தக் குளிரிலும்.

மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. ஓர் அம்மாள் நடத்துவது. எல்லாரும் அங்கே இறங்கினார்கள். கோமதி பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேம்பாலத்தையே பார்த்தாள். பனியில் அதன் உச்சி தெரியவில்லை.

"இதோட நீ அத்த ஏற முடியாதுமா" என்றார் சிஸ்டர், கொஞ்சம் தணிந்த குரலில். "எறங்கி தள்ளணும். தள்ளுனா இன்னான்னு நான் சொல்லிக்கிறேன்."

கோமதி மேம்பாலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. இதுவரை திருகோடு நின்ற நான், முதல் முறையாகக் கைப்பிடியில் இருந்த கியர் பெட்டியின் மூடியையே கழற்றத் துணிந்தேன். கையேட்டில் 'திறக்கக் கூடாது' என்று ஒன்பது மொழிகளிலும் போட்டிருந்ததை அறிந்தே செய்தேன். என் வாழ்க்கையில் நான் தெரிந்து மீறிய ஒரே விதி அது. மூடி வந்தது. கூடவே ஒரு சிறிய சுருள் கம்பி 'விர்' என்று கிளம்பி, என் காதைத் தாண்டி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாலுக்குள் விழுந்தது.

"யோவ்! பால்ல இன்னாத்தய்யா போட்ட?" என்றாள் கடைக்கார அம்மாள்.

"உதிரி பாகம்" என்றேன்.

அவள் வடிகட்டியை விட்டுத் துழாவி அதை வெளியே எடுத்தாள். பளபளவென்று இருந்தது. அதற்குள் சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திறந்த பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே பல்சக்கரம், கொக்கி எல்லாம் வெள்ளையாக ஏதோ அப்பி, புதைந்து கிடந்தன. சுண்டு விரலால் வழித்தார். முகர்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், ஆஸ்பத்திரி வார்டில் தனக்குத் தெரியாமல் நோயாளிக்குப் பிரியாணி ஊட்டிய உறவினர்கள் அத்தனை பேரையும் அவர் பார்த்த பார்வை இருந்தது.

"தேங்கா எண்ண" என்றார்.

பிறகு ஒரு மங்கி குல்லாய் சிரிக்க ஆரம்பித்தது. அது மற்ற மூன்றுக்கும் பரவியது. பஸ்ஸுக்காக நின்றிருந்த நான்கைந்து பேர் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்ந்துகொண்டார்கள். கோமதி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் எதிரில் நின்றாள்.

"எப்போ ஊத்துனீங்க?"

"கார்த்திகை முதல் வாரம்."

"யார் முன்னிலைல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்போ மாடில ஓடுனது?"

"வெயில்" என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. மூன்று நாளும் கியரைச் சரிசெய்தது சூரியன். கையெழுத்து வாங்கியது நான்.

சிஸ்டர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "யம்மா, ஒரு சொம்பு வெந்நீ குடு. கொதிக்கொதிக்க." தன் சைக்கிளில் இருந்த முதலுதவிப் பெட்டியிலிருந்து பெரிய சிரிஞ்சு ஒன்றை எடுத்து, வெந்நீரை உறிஞ்சி, கியர் பெட்டிக்குள் பீய்ச்சினார். வெள்ளை கரைந்து ஓடியது. மூன்று தடவை கழுவி, பஞ்சால் ஒற்றி, சுருள் கம்பியை இடுக்கியால் பிடித்து அதன் இடத்தில் மாட்டி, மூடியைத் திருகினார். கோமதி அழுத்தினாள். 'டிக்.' ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. குறிப்பு எதுவும் எழுதப்படவில்லை.

மொபெட்டை எடுக்கப் போன என்னை சிஸ்டர் விரலை நீட்டி உட்காரச் சொன்னார். "சார், நீங்க இங்கயே இருங்க. கியருக்கு நல்லது."

அவர்கள் கிளம்பினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து மேம்பாலத்தைப் பார்த்தேன். முதலில் சிஸ்டர், பின்னால் மூன்று பேர், கடைசியில் கோமதி. ஏற்றத்தின் பாதியில் அவள் சைக்கிள் நிற்கப்போவதைப் போல ஒரு ஆட்டம் ஆடியது. இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். தாங்க முடியாமல் எழுந்து நின்றேன். அவள் இறங்கவில்லை. கால்கள் வேகவேகமாகச் சுழல ஆரம்பித்தன. கீழ் கியருக்கு மாறிவிட்டாள். மெதுவாக, ஆனால் நிற்காமல் மேலே போய், மூன்றாவதாகப் போனவளையும் தாண்டிப் பனிக்குள் மறைந்தாள்.

"குந்துய்யா" என்று கடைக்கார அம்மாள் என் கையில் ஒரு டம்ளரைத் திணித்தாள். "அந்தப் பால வேற யாருக்கும் ஊத்த முடியாது. நீதான் குடிச்சாவணும்."

குடித்தேன். லேசாக அவியல் வாசனை அடித்தது.

தை மாதம் கோமதி மாமல்லபுரம் போய்ச் சேர்ந்து, கடலில் கால் நனைத்தபடி போட்டோ அனுப்பினாள். சைக்கிளும் பக்கத்தில் நின்றது. இப்போது அதற்கு எண்ணெய் இடுகிறவர் பாய். பதிவேட்டின் மீதிப் பக்கங்களில் பால் கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

எனக்கு மிஞ்சியது ஒரு பெயர்தான். நான் காலையில் எழத் தாமதமானால், மகள் போனில் "அப்பா எழுந்தாச்சா?" என்று கேட்பாள். "இன்னும் ஒறஞ்சிதான் கெடக்குறாரு, வெயிலு வரட்டும்" என்று கோமதி சொல்வாள். மருமகன் இதைத் தன் அலுவலகத்தில் எல்லாம் சொல்லிவிட்டார். ஊருக்கு வந்த சம்பந்தி, என் அறைக் கதவைத் தட்டி, வெந்நீர் வேண்டுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். மறுப்புத் தெரிவிக்கலாமா என்று யோசித்தேன். தெரிவிக்கவில்லை. இந்தக் கேலியின் தயவில், ஒன்பது மணி வரை படுத்திருந்தாலும் வீட்டில் யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை.

போன வாரம் ஒரு நாள், ஏனோ தூக்கம் பிடிக்காமல் ஐந்தரை மணிக்கே எழுந்து கூடத்துக்கு வந்தேன். மங்கி குல்லாயை மாட்டிக்கொண்டிருந்த கோமதி திடுக்கிட்டு, ஜன்னல் வழியாக ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மேகமூட்டமா இருக்குதே, எப்டிங்க எழுந்தீங்க?"